ஒரு தரம், ரெண்டு தரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் மூன்று பக்கத்துக்குக் குறையாமல் வரும்.

வேலையை விட்டுவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். பல் செட் செய்யும் இடத்தில் சேர்ந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. இது உனக்கு எட்டாவது வேலை. முதல் முதலாளி "ஏய்" என்று கூப்பிட்டார், விட்டாய். மூன்றாமவர் பெயரைத் தப்பாகச் சொன்னார், விட்டாய். ஐந்தாமவர் ஒன்றுமே சொல்லவில்லை. "என்னை ஒரு ஆளாவே மதிக்கலை" என்று அதையும் விட்டாய். நாற்பது வயதில் இனி எந்தக் கதவைப் போய்த் தட்டுவாய்?

அம்மா இருந்தபோது சொல்வாளே, "ஒரே வயித்துல பொறந்து இவனுக்கு வெங்காயத் தோலு, இவளுக்கு எருமைத் தோலு" என்று. அந்த எருமை சொல்கிறேன், கேள். யார் என்ன திட்டினாலும் அங்கே பதில் பேசாதே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஒரு சீட்டை எடுத்து, சொன்ன ஆள், சொன்ன வார்த்தை இரண்டையும் ஒரு எழுத்து மாறாமல் எழுதி எனக்கு அனுப்பு. நான் பத்துக்கு மார்க் போடுகிறேன். அப்பாவிடம் வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய காது இது. லேசில் ஐந்தைத் தாண்ட மாட்டேன்.

அப்பாவுக்கு எல்லாப் பல்லும் ஆடுகிறது. மொத்தமாகப் பிடுங்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

எருமைத்தோல் தங்கை


பிப்ரவரி 17

அன்புத் தங்கச்சி,

பிளாஸ்டர் தூசியில் வரும் இருமலைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். எப்போதும் "அன்புத் தங்கை" என்று முடிப்பவள், இந்தத் தடவை "எருமைத்தோல் தங்கை" என்று முடித்திருக்கிறாய். அன்பு எங்கே போயிற்று? என்மேல் கோபம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தேன். அப்பாவின் பல்லைப் பற்றி எழுதிவிட்டு மை காய்வதற்குள் கடிதத்தை மடித்திருக்கிறாய். அவர் உன்னை ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார்?

சொல்லக்கூடியவர்தானே. மேசை நாற்காலி ஏலம் போகும் கூடத்தில் முப்பது வருஷம் ஏலம் கூறிய வாய். வந்த விருந்தாளிகள் எதிரில் அந்த வாய் என்னை ஏலம் விட்டதை நீயும் பார்த்தாய். "பாத்தா ஆம்பளை, தொட்டா அழுகை. ரெண்டையும் சேர்த்தே தர்றேன், கேக்குறவங்க கேக்கலாம். ஒரு தரம், ரெண்டு தரம்…" எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் தரம் சொல்வதற்குள் நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷம் ஆகிறது. அவர் பேருக்கு இன்னும் ஒரு வரி எழுதியதில்லை.

நீ கேட்ட சீட்டுகள்:

முதலாளி, நான் மெழுகில் அடுக்கிய பல்வரிசையைப் பார்த்து: "இது பல்லா, பட்டாணியா?"

பாலீஷ் போடுகிறவர்: "உங்க கைக்கு மண்வெட்டிதான் பொருத்தம்."

ஒரு பல் டாக்டர், திருப்பி அனுப்பிய பெட்டியின்மேல்: "மறுபடியும்." அவ்வளவுதான். பெயரும் இல்லை, தயவுசெய்தும் இல்லை. இதுதான் மூன்று நாளாக நெஞ்சில் நிற்கிறது.

உன் அன்பு அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இருமலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள். யாராவது பார்த்து ஏதாவது சொன்னால் அதையும் சீட்டில் எழுது.

பட்டாணிக்கு ஐந்து மார்க். ஓசை நன்றாக இருக்கிறது. மண்வெட்டிக்கு மூன்று; பழைய சரக்கு. "மறுபடியும்" என்பதற்குப் பூஜ்யம். அது திட்டு இல்லை, வேலை. மறுபடியும் செய்.

நீ கண்டுபிடித்தது சரிதான். என்னவோ நடந்தது, நடந்து முடிந்துவிட்டது. ஒரு கடிதத்தின் மூலையைத் தடவிப் பார்த்தே வீட்டில் என்ன என்று சொல்லிவிடுகிறாய். இந்த மூக்கை வைத்துக்கொண்டு நீ போலீசில் சேர்ந்திருக்கலாம். அங்கேயும் "ஏய்" என்பார்கள், அதுதான் சிக்கல்.

அப்பாவுக்குப் பல் எல்லாம் எடுத்தாயிற்று. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது நிஜம். பேசினால் குழறுகிறது, எச்சில் தெறிக்கிறது. அந்தக் குரலை யாரும் கேட்கக்கூடாது என்று வாயையே திறப்பதில்லை. தடியால் தரையைத் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் சாப்பாடு. நான் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி ஏறி இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. இத்தனை வருஷம் இது கேட்டதே இல்லை.

பாவம் என்று நினைக்காமல் சொல்கிறேன், வீடு நன்றாக இருக்கிறது.

உன் அன்புத் தங்கை (அன்பு போட்டிருக்கிறேன், எண்ணிக்கொள்)


ஏப்ரல் 11

அன்புத் தங்கச்சி,

நலம். "மறுபடியும்" என்று வந்த பெட்டியை மறுபடியும் செய்தேன். திரும்பி வரவில்லை.

இந்த மாதம் நாலு சீட்டுதான். போன மாதம் தனியாக அனுப்பியது பதினேழு. திட்டுவது குறையவில்லை. வார்த்தை காதில் விழுந்ததும், இதற்கு நீ எத்தனை போடுவாய் என்று யோசிக்கிறேன். யோசித்து முடிப்பதற்குள் திட்டியவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். நேற்று பாலீஷ்காரர் என்னவோ சொன்னார்; எழுத உட்கார்ந்தால் மறந்துவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் கோபித்துக்கொண்டிருப்பேன்.

நீ எப்படி இருக்கிறாய்? "வீடு நன்றாக இருக்கிறது" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். முன்பெல்லாம் நன்றாக இல்லை என்று நீ எழுதியதே கிடையாது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

உன் அன்பு அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நாலு சீட்டுக்கும் சேர்த்து எட்டு மார்க். உன் முதலாளிக்குக் கற்பனை வற்றிவிட்டது.

ஒரு சமாசாரம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் ஒரே கால்சட்டையை நாலாவது தடவையாகக் கொண்டு வந்திருக்கிறார். முதலில் நீளம் குறைக்கச் சொன்னார். அப்புறம் மடிப்பைப் பிரித்து இறக்கச் சொன்னார். "என்ன, வளர்ந்துட்டீங்களா?" என்று கேட்டேன். காது இரண்டும் சிவந்துவிட்டது. மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார். பேசுகிறார் என்றால், அவர் ரிப்பேர் செய்கிற லிஃப்ட் மாதிரிதான். கீழே பொத்தானை அமுக்கிவிட்டு வெகுநேரம் நிற்க வேண்டும். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் அங்கேயே மாட்டிக்கொள்வார். காத்திருந்தால் ஒரு நல்ல வார்த்தை வந்து சேரும்.

முன்னே இரண்டு பேர் என்னைக் கேட்டு வந்ததும் போனதும் உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம் செலவழித்தார் அப்பா. அவர்கள் வாசல் தாண்டிய வேகத்தில் கதவுகூடச் சாத்தவில்லை. இவர் வந்து உட்கார்ந்தால் அப்பா நாற்காலியிலிருந்து ஓயாமல் தடியைத் தட்டுகிறார். நான் ஓயாமல் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

முப்பத்தேழு வயதில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சிரிக்காதே.

உன் அன்புத் தங்கை


ஜூன் 20

அன்புத் தங்கச்சி,

நலம், நலம். இருமல்கூட இல்லை.

ஒரே ஒரு சீட்டு. ஒரு டாக்டர் போனில்: "இவன் செஞ்சா பேய்க்குக்கூடப் பல்லு பொருந்தாது." நானே ஆறு போட்டுவிட்டேன். போட்டுவிட்டு வயிறாரச் சாப்பிட்டேன். எங்கே குத்தியது என்று தேடினேன், இடம் கிடைக்கவில்லை. முதலாளி இப்போது முழு செட்டே என் கையில் கொடுக்கிறார். எல்லாம் நீ கொடுத்த மருந்து.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அப்பாவுக்குப் பல் செட் என் கையால் செய்து அனுப்பப் போகிறேன். பதினொரு வருஷக் கணக்கை இப்படித் தீர்த்துவிடலாம். அங்கே உள்ள டாக்டரிடம் ஈறுக்கு அச்சு எடுத்து அனுப்பச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லிஃப்ட்காரர் கதை நல்ல வேடிக்கை.

அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ தேறியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

பல் செட்டுக்கு அவசரமில்லை. ஈறு ஆறட்டும். கஞ்சி, ரசம் என்று அவருக்குப் பழகிவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். லிஃப்ட்காரர் செப்டம்பர் முதல் ஞாயிறு தன் அக்காவை அழைத்து வந்து பேசுவதாகச் சொன்னார். அந்த வாக்கியம் மேலே வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. நான் ஒரு பட்டன்கூடத் தைக்காமல் காத்திருந்தேன். அது முடிகிறவரை அப்பா இப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகு நீ தங்கப் பல்லே செய்து அனுப்பு, நானே மாட்டிவிடுகிறேன்.

செப்டம்பர் கழியட்டும் அண்ணா. இதை மட்டும் செய்.

உன் அன்புத் தங்கை


ஆகஸ்ட் 14

அன்புத் தங்கச்சி,

நலம். ஈறு ஆறவில்லை, அவசரமில்லை என்று நீ சாக்குச் சொல்வதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. எருமைத்தோலுக்கே பயமா? பழைய நானாக இருந்தால் உன் கடிதத்தை நாலு நாள் பிடித்துப் பிழிந்துகொண்டிருப்பேன். இப்போது ஒரு தடவை படித்தேன், பெட்டியில் போட்டேன்.

அப்பாவுக்கே நேராக எழுதிவிட்டேன். பதில் என்ன தெரியுமா? அவரே தனியாக டாக்டரிடம் போய் அச்சு எடுத்து அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, நடுங்கும் கையெழுத்தில்: "பேச வேண்டும்." எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்.

மூன்று வாரம் மற்ற வேலை முடிந்ததும் உட்கார்ந்து செய்தேன். முன்பல்லை அவருடைய பழைய போட்டோவைப் பார்த்து அடுக்கினேன். "ச", "த" எல்லாம் முன்பல் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர் தள்ளினால் விசிலடிக்கும். ஒரு எழுத்துகூட வழுக்காது, பார். நான் செய்ததிலேயே இதுதான் முதல் தரம் என்கிறார் முதலாளி. இன்று பார்சலில் போட்டிருக்கிறேன். உன் விசேஷத்துக்கு அப்பா பல்லோடு, ஜம்மென்று உட்கார்ந்திருக்கட்டும்.

அண்ணன்


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும். நலம்.

பல் செட் வந்தது. டாக்டர் மாட்டிப் பார்த்து, எங்கேயும் அரத்தால் ராவ வேண்டியதில்லை என்றார். அப்பா மாட்டிக்கொண்டு வந்தும் பேசவில்லை. பத்து நாள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும், ஒருவேளை மனசு மாறியிருக்குமோ என்று நம்பினேன். நம்பினேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரரும் அவர் அக்காவும் வந்தார்கள். நான் டீ வைத்தேன். அப்பா தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று எழுந்தேன். அவர் பேச ஆரம்பித்தார்.

"உக்காருங்க. சரக்கைப் பாத்துட்டே பேசலாம். முப்பத்தேழு வருஷப் பழசு. ரெண்டு பேர் வந்து பாத்துட்டு வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. என்ன சொன்னாலும் வலிக்காது, தோல் அப்படி. கேக்குறவங்க கேக்கலாம். ஒரு தரம். ரெண்டு தரம்."

ஒரு எழுத்து வழுக்கவில்லை. பழைய குரல், ஏலக்கூடத்துக் குரல். ரெண்டோடு நிறுத்திவிட்டு வந்தவரையே பார்த்தார்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார் அண்ணா. என்னவோ சொல்ல வந்தார். அவருக்கு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். காத்திருக்க வேண்டியது நான் ஒருத்திதான். நான் சிரித்துவிட்டேன். அப்பா ஏதாவது சொன்னால் வலிக்கவில்லை என்று காட்டச் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. பல் தெரிய, தோள் குலுங்க. என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை வைத்து விளையாடுகிறோம் என்று நினைத்திருப்பார். அவர் அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு, "போலாம்ப்பா" என்றார். போனார்கள். மூன்றாம் தரத்தை அப்பா சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எருமைத்தோல் என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய், நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லா வார்த்தையும் இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது. நீ அனுப்பிய சீட்டுக்கெல்லாம் மார்க் போட்டேனே, அப்போது எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்தது.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. ஒரு நாள் போதும். இது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

இதற்கு மார்க் கேட்கவில்லை.

உன் தங்கை


அக்டோபர் 29

அன்புத் தங்கச்சி,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, பட்டறையில் தலைக்குமேல் வேலை. எனக்குக் கீழே இப்போது இரண்டு பேர்.

நீ கேட்காவிட்டாலும் மார்க் போடுகிறேன்: ஒன்பது. கிழவருக்குத் திறமை குறையவில்லை. எனக்கு விட்ட ஏலத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் ஆறுக்குமேல் தேறாது. அதற்கா பதினொரு வருஷம் அழுதேன் என்று இருக்கிறது. உனக்கும் கொஞ்ச நாளில் அப்படித்தான் இருக்கும். நீ கற்றுக்கொடுத்த பாடத்தை நீயே மறக்கலாமா?

ஒரு வார்த்தைக்கு எழுந்து போகிறவர் போகட்டும். அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நாளைக்கு நீதான் கஷ்டப்படுவாய். தொட்டாற்சுருங்கிகளோடு வாழ்வது லேசில்லை, என்னைக் கேள்.

ஒரு எழுத்து வழுக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்போதைக்கு வர முடியாது. அப்பாவுக்கு என் வணக்கம் சொல். படுக்கும்போது செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடச் சொல்.

அண்ணன்


நவம்பர் 20

அண்ணாவுக்கு,

நலம்.

ஒன்பது மார்க் கிடைத்தது. அப்பாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். செட்டைத் தினமும் தண்ணீரில் நான்தான் போடுகிறேன். காலையில் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

உனக்குப் பத்துக்குப் பத்து. இனிச் சீட்டு வேண்டாம்.

கொக்கியில் ஒரு கால்சட்டை தொங்குகிறது. வாங்க யாரும் வரவில்லை. உன் இடுப்பும் முப்பத்துநாலுதான் என்பதால் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

தங்கை


டிசம்பர் 15

அன்புத் தங்கச்சி,

நலம். உன் கடிதம் எட்டு வரியில் முடிந்துவிட்டது. தையல் நன்றாக நடக்கிறது, எழுத நேரமில்லை என்று புரிந்துகொண்டேன். ரொம்ப சந்தோஷம். நானும் நீட்டவில்லை.

கால்சட்டை வந்து சேர்ந்தது. கீழ் மடிப்பில் பிரித்துப் பிரித்துத் தைத்த ஊசித் தடம் நாலைந்து வரிசை தெரிகிறது. ஷூ போட்டால் யாருக்கும் தெரியாது. இன்று பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது.

அண்ணன்